வீட்டுக்குத் தூரம்

பெண்கள் உரிமைக்கான நாடாளுமன்றக் குழுவில் பதினைந்து உறுப்பினர்கள். அரியலூர் வரை வந்து சேர்ந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரிலும் இருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பி திருச்சியில் விமானம் பிடிக்க வேண்டும். கூடவே வந்திருக்க வேண்டிய தமிழ் மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலோடு டில்லியிலேயே தங்கிவிட்டார்.

அதனால்தான் முந்தைய நாள் சாயங்காலம் ஃபஹ்மிதாவுக்கு போன் வந்தது. பேசியவர் வேல்முருகன். பெரம்பலூரில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அவருடைய மகள் ஃபஹ்மிதாவிடம்தான் இந்தி படிக்கிறாள்.

"டீச்சர், நாளைக்கு ஒரு நாள் ஸ்கூலுக்கு லீவு போட்டுருங்க. டில்லியிலேருந்து எம்பிங்க வர்றாங்க. நம்ம பொம்பளைங்க தமிழ்ல பேசுவாங்க, நீங்க இந்தியில சொல்லணும். அவ்வளவுதான்."

"நான் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குறவ சார். சபையில நின்னு பழக்கமில்ல."

"நிக்க வேணாம். நாற்காலி போட்டிருக்கு."

ஃபஹ்மிதாவுக்கு ஊர் லப்பைக்குடிக்காடு என்றாலும் ஐந்து வயதிலிருந்து வளர்ந்தது சார்ஜாவில். பள்ளிக்கூடத்தில் இந்தி, தெருவில் இந்தி, அத்தா வைத்திருந்த கடையிலும் இந்தி. தமிழ் வீட்டுக்குள் மட்டும். கல்யாணமும் அங்கேயே முடிந்தது. மூன்று வருடத்துக்கு முன்புதான் மகளை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள். கணவன் அஸ்லாம் இன்னும் அங்கேதான் இருக்கிறான். பெரம்பலூரில் இந்தி தடையில்லாமல் பேசுகிற பெண் என்று தேடினால் அவள் பெயர்தான் முதலில் வரும்.

மறுநாள் அரியலூரில் ஒரு கூட்ட அறை. அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து சாட்சிகள் பன்னிரண்டு பேர், நேரம் ஒன்றரை மணி. முதலில் பேசிய மூன்று பேர் எழுதி வைத்துக்கொண்டு வந்து வாசித்தார்கள், நன்றி சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். குழுத் தலைவி அறுபதைத் தாண்டியவர், வடக்கே ஒரு மலை மாநிலத்துக்காரர். அவருக்கு அந்த நன்றிகள் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "குறை ஒன்றும் இல்லையென்றால் நாங்கள் ஏன் வந்தோம்?" என்று ஃபஹ்மிதாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அதை மொழிபெயர்க்க வேண்டுமா என்று தெரியாமல் அவள் சும்மா இருந்தாள்.

பதினோராவதாக எழுந்தவள் குஞ்சம்மாள். ஐம்பதை நெருங்குகிறவள். கையில் ஒரு வயர் கூடை. வாசலில் காவலர் வாங்கிவைத்துக்கொள்ளப் பார்த்தும் அவள் அதை விடவில்லை. கையில் காகிதம் எதுவும் இல்லை. உறுப்பினர்கள் இருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அரும்பாவூரு பக்கம் வெங்காயக் கெடங்குல வேலைங்க. தாள் அறுத்து, தரம் பிரிச்சு, மூட்டை புடிக்கிறது. நாப்பது பொம்பளைங்க இருக்கோம். காலையில கேட்டுல மேஸ்திரி நிப்பாரு. உள்ள போற ஒவ்வொருத்தியையும் தூரமான்னு கேப்பாரு. ஆமான்னு சொன்னா மூணு நாளைக்கு வராதம்பாரு. லோடு ஏத்துற ஆம்பளைங்க பக்கத்துலதான் நிப்பாங்க. அப்புடிக் கேக்கக் கூடாதுன்னு நீங்க எழுதணும். வேற ஒண்ணும் வேணாங்க."

ஃபஹ்மிதா சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. தமிழில் தூரம், இந்தியில் தூர். அப்படியே கை மாற்றிக் கொடுத்தாள். தொலைவிலிருந்து வருகிறாயா என்று வாசலில் கேட்கிறார்கள், ஆமாம் என்றால் மூன்று நாள் வேலை இல்லை என்கிறார்கள்.

தலைவி குனிந்து எழுதினார். "இப்படி எத்தனை பேர்?"

"எத்தனை பேருக்கு தூரம்க்கா?" என்று ஃபஹ்மிதா கேட்டாள்.

குஞ்சம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காதுங்க. தெனம் நாலு பேரு, அஞ்சு பேரு."

"உங்களுக்கு?"

"எனக்கு நின்னுபோச்சுங்க. ரெண்டு வருசமாச்சு."

ஃபஹ்மிதா அதையும் சொன்னாள். இவருக்கு வந்துகொண்டிருந்த பஸ் இரண்டு வருடத்துக்கு முன் நின்றுபோய்விட்டது.

தலைவி நிமிர்ந்து அதிகாரிகளின் பக்கம் பார்த்தார். பின்வரிசையில், தமிழ் அதிகம் பிடிபடாத வடக்கத்தி அதிகாரி ஒருவர் எழுந்தார்; உள்ளூர் அதிகாரிகளில் இந்தி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அரும்பாவூர் மினி பஸ்ஸை கிடங்கு வரைக்கும் நீட்டிக்க ஒரு வாரத்தில் ஏற்பாடு செய்யப்படும் என்றார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அன்றைக்கு கையோடு முடிந்த காரியம் அது ஒன்றுதான். எல்லார் முகமும் தெளிந்தது, குஞ்சம்மாளின் முகத்தைத் தவிர. அவள் பஸ் எங்கிருந்து வந்தது என்று புரியாமல் நின்றாள். பிறகு கூடையிலிருந்து ஒரு வெங்காயக் கொத்தை எடுத்தாள். விதைக்குத் தொங்கவிடுகிற மாதிரி தாளோடு முடிந்த கொத்து.

"இது தூரமான பொம்பளைங்க கையால கட்டுனது. ரெண்டு மாசமாச்சு. நீங்களே பாருங்க."

தொலைவிலிருந்து வரும் பெண்கள் தங்கள் கையால் கட்டியது என்றாள் ஃபஹ்மிதா. தலைவி எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. ஃபஹ்மிதாவின் முழங்கையும் தெரிந்தது.

*

ஐந்து வாரம் கழித்து வேல்முருகன் மறுபடி கூப்பிட்டார். அன்றைக்குப் பேசியதை எல்லாம் டில்லியில் இந்தியில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள், அவரவர் பேசியதை அவரவருக்குப் படித்துக்காட்டி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார்.

"பதினஞ்சு நாள்தான் டைம் டீச்சர். தபால் வர்றதுக்கே பத்து நாள் ஆயிப்போச்சு. மத்தவங்க எல்லாம் டவுன்லயே இருக்காங்க, வந்துட்டுப் போயிட்டாங்க. அந்த வெங்காயத்துக்காரம்மாதான் பாக்கி. அது போன் எடுக்கல."

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபஹ்மிதா கிளம்பினாள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து அரும்பாவூர். மாவட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை. வயிற்று வலி வேறு. கிளம்பும்போதே மாத்திரை போட்டிருந்தாள்.

அரும்பாவூரில் மினி பஸ் நின்றது. 'வெங்காயக் கிடங்கு' என்று புதுப் பெயிண்டில் பலகை. ஏறியவள் அவள் ஒருத்திதான். ஆக, நம்மால் ஒரு பஸ் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு கிடங்கு வாசலில் இறங்கும் வரைக்கும் இருந்தது.

"கூட்டமே இல்லையேண்ணே. ஞாயித்துக்கிழமைங்கிறதாலயா?"

டிரைவர் சிரித்தார். "என்னைக்கும் இப்புடித்தான். இங்க வேலை செய்யுற பொம்பளைங்களுக்கு வூடு எல்லாம் இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான். பஸ்ல ஏறுனா ஒக்காரதுக்குள்ள எறங்கணும். எந்தப் புண்ணியவான் கேட்டானோ, நான் தெனம் காலி வண்டியத் திருப்புறேன்."

கிடங்குச் சுவரை ஒட்டி ஒரு சந்து. நான்காவது வீடு குஞ்சம்மாளுடையது. வாசலில் நின்றால் உள்ளே வெங்காயம் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"டீச்சரம்மாவா? இம்புட்டு தூரமா வந்தீங்க? உள்ள வாங்க." குஞ்சம்மாள் பாயை உதறிப் போட்டாள். மருமகளைக் கூப்பிட்டு டீ வைக்கச் சொன்னாள். மருமகள் தமிழ்மொழிக்கு இருபத்து நான்கு வயதிருக்கும். கதவோரமாக நின்று வணக்கம் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

ஃபஹ்மிதா காகிதத்தைப் பிரித்தாள். இந்தியில் இருந்ததைத் தமிழில் மெதுவாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரலே அவளுக்குச் சரியாகப் படவில்லை. "...வேலைக்கு வரும் பெண்களிடம் வீடு தொலைவில் இருக்கிறதா என்று வாசலில் கேட்கிறார்கள். தொலைவு என்றால் மூன்று நாள் வர வேண்டாம் என்கிறார்கள். தினமும் நான்கைந்து பேர் தொலைவிலிருந்து வருகிறார்கள். எனக்கு வந்த பஸ் இரண்டு வருடத்துக்கு முன் நின்றுபோய்விட்டது."

குஞ்சம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"இது வேற யாரோ பேசுனது டீச்சரம்மா. பேரு மாத்திப் போட்டாங்க."

"இல்லக்கா. நீங்க பேசுனதுதான். நான்தான் சொன்னேன்."

"எனக்கு ஏது பஸ்ஸு?"

"நின்னுபோச்சுன்னு சொன்னீங்களே."

குஞ்சம்மாள் அவளையே பார்த்தாள். அடுப்பங்கரையில் டம்ளர் ஒன்று கீழே விழுந்தது. தொடர்ந்து தமிழ்மொழி அடக்க முடியாமல் சிரிக்கிற சத்தம். அதைக் கேட்டதும் குஞ்சம்மாளுக்கும் தொற்றிக்கொண்டது. சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஃபஹ்மிதா காகிதத்தோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"அதாம்மா பஸ்ஸு," என்றாள் குஞ்சம்மாள், மூச்சு வாங்கியபடி. "அதான் பஸ்ஸு வந்துச்சு. நின்னுபோனது பஸ்ஸு இல்ல தாயி. பொம்பளைக்கு மாசாமாசம் வருமே, அது. ரெண்டு வருசமா எனக்கு இல்ல. தூரம்னா அதான். வூட்டுக்குத் தூரம். அந்த மூணு நாளு."

ஃபஹ்மிதாவுக்கு முதலில் காது சூடானது. பிறகு அன்றைய கூட்ட அறை முழுவதும் வேறொரு வெளிச்சத்தில் நினைவுக்கு வந்தது. லோடு ஏற்றுகிற ஆட்கள் பக்கத்தில் நிற்பார்கள் என்று இவள் சொன்னது. அதை எதற்குச் சொல்கிறாள் என்று தான் ஒரு நொடிகூட யோசிக்காதது.

"மேஸ்திரி அதையா கேக்குறாரு? எல்லார் முன்னாடியுமா?"

"அதைத்தான். விதைக்கு வெச்சிருக்குற வெங்காயத்தைத் தூரமானவ தொட்டா அழுகிப்போவுமாம். மொதலாளிக்கு அவங்கப்பன் சொன்னது. மேஸ்திரி சாமிதுரைக்கு மொதலாளி சொன்னது. எனக்குத்தான் நின்னுபோச்சே, என்னைக் கேக்க மாட்டாரு. இவளைக் கேப்பாரு."

தமிழ்மொழி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை இப்போது. "ஒருக்கா இல்லன்னு பொய் சொல்லிட்டு உள்ள போயிட்டேங்க. அன்னைக்குன்னு பாத்து ஒரு மூட்டை அழுகியிருந்துச்சு. மழையில நனைஞ்ச மூட்டைதான். எனக்கே தெரியும் நனைஞ்சதுன்னு. இருந்தாலும் ஒரு வாரம் சோறு எறங்கல. நம்மாலதானோன்னு."

"அதுக்குத்தான் ரெண்டு கொத்து கட்டச் சொன்னேன்," என்றாள் குஞ்சம்மாள். "இவளும் இன்னும் மூணு பொண்ணுங்களும், அந்த நாளுல, அவங்க கையாலயே. ஒண்ணு டில்லிக்கு. ஒண்ணு இவ பாக்குறதுக்கு."

அடுப்பங்கரை உத்திரத்தில் அது தொங்கியது. காய்ந்த தாள், சிவந்த தோல். ஃபஹ்மிதா எழுந்து போய் ஒரு வெங்காயத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு முழுதும் உறைத்தது. அன்றைக்கு இவள் கொண்டுவந்தது காணிக்கை இல்லை, சாட்சி. அதை எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்து அனுப்பிவிட்டோம்.

"என்னை மன்னிச்சுருங்கக்கா."

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு? உங்க பக்கத்துல இதுக்கு என்ன சொல்லுவாங்க?"

"அம்மா 'தொழுகை இல்ல'ம்பாங்க. சார்ஜாவுல கூட்டாளிங்க எல்லாம் 'லீவு'ன்னு சொல்லுவோம்."

"லீவா?" குஞ்சம்மாள் மருமகளைப் பார்த்தாள். "நல்லவேளை, அதைச் சொல்லாம இருந்தேன். எங்களுக்கு லீவு குடுத்து அனுப்பியிருப்பாங்க. நாங்க லீவு வேணாம்னுல்ல கேக்குறோம்."

மூவரும் சிரித்தார்கள். டீ ஆறிப்போயிருந்தது.

*

சந்திலேயே நின்று வேல்முருகனுக்கு போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். அவருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. அன்றைக்கு அவர் டீ ஏற்பாட்டைப் பார்க்க வெளியே போயிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன். எழுத்துப்பிழை இருந்தாத்தான் திருத்தலாம்னு போட்டிருக்கு. இது எழுத்துப்பிழை இல்ல. நீங்க தப்பாச் சொன்னீங்கன்னு நீங்களே எழுதிக் குடுக்குற மாதிரி ஆயிரும். மொழிபெயர்ப்பாளர் பட்டியல்ல உங்க பேரைச் சேக்கச் சொல்லி இப்பதான் மேல அனுப்பியிருக்கு. பஸ்ஸு வந்துருச்சு. பேசாம கையெழுத்து வாங்கிட்டு வாங்களேன்."

"அவங்க பஸ் கேக்கல சார்."

"தெரியுது."

"டில்லி நம்பர் குடுங்க."

குழுவின் அலுவலர் ஒருவர் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலையில் இருந்தார். காரணத்தை அவரே சொன்னார். குழுவின் ஆயுள் ஒரு வருடம், இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இரண்டு முறை கூட்டம் போட்டும் ஆள் சேராமல் கலைந்துவிட்டது. வியாழக்கிழமை கடைசிக் கூட்டம். அன்றைக்கும் குறைந்தபட்சம் ஐந்து பேர் வராவிட்டால் அறிக்கை அப்படியே நின்றுவிடும், அடுத்த குழு முதலிலிருந்து ஆரம்பிக்கும். வரைவு முடிந்துவிட்டது. இப்போது சாட்சியத்தை மாற்றுவதென்றால் கஷ்டம்.

"மாற்றவில்லை. அவர் சொன்னது வேறு. நான் சொன்னது வேறு," என்றாள் ஃபஹ்மிதா இந்தியில்.

"எந்த இடத்தில்?"

முகம் தெரியாத ஆணிடம் சொல்ல வேண்டும். சந்தில் ஒரு கோழி குறுக்கே போனது. அது போகும் வரை நின்றாள். பிறகு சொன்னாள். தூரம் என்பது தூர் இல்லை. மாதவிடாய். வாசலில் அவர்களிடம் கேட்கப்படுகிற கேள்வி அது. பஸ் என்கிற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை, நான் சேர்த்தது.

மறுமுனையில் தாள் புரளும் சத்தமும் நின்றுவிட்டது.

"எங்கள் ஊரில், அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்பார்கள்," என்றார் அவர் கடைசியில். "என் அக்காவைக் கூட அப்படி உட்கார வைப்பார்கள். யாரிடம் கோபம் என்று நான் நினைத்துக்கொள்வேன்." பிறகு கேட்டார். "அந்த வெங்காயம்?"

"அந்த நாட்களில் அவர்கள் கையால் கட்டியது. அழுகாது என்று காட்டுவதற்காகக் கொண்டுவந்தார்."

"மேடம் அதைச் சமைக்க விடவில்லை. அறை ஜன்னலில் தொங்குகிறது. நேற்றுகூடப் பார்த்தேன். இரண்டு முளை விட்டிருக்கிறது. அழுகியது ஒன்றுமில்லை." பிறகு அவர் குரல் அலுவலகக் குரலானது. "மொழிபெயர்ப்பில் பிழை என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சாட்சியும் போட வேண்டும். இன்றைக்கே படம் எடுத்து அனுப்புங்கள். வியாழக்கிழமை ஐந்து பேர் வருவார்களா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது."

வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்து எழுதினாள். 'மேற்கண்ட பிழை மொழிபெயர்ப்பாளராகிய என்னுடையது. சாட்சியுடையது அல்ல.' எழுதி முடித்ததைத் தமிழில் வரிவரியாகப் படித்துக்காட்டினாள். குஞ்சம்மாள் இந்தமுறை ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினாள். "அதுல தூரம்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள். "போட்டிருக்கு." "அது எந்த எடம்?" ஃபஹ்மிதா விரல் வைத்துக் காட்டினாள்.

குஞ்சம்மாள் கையெழுத்துப் போட நேரம் எடுத்தது. 'கு' சுலபமாக வந்தது. 'ஞ்' வந்ததும் பேனாவைத் தூக்கி, ஒருமுறை காற்றில் வரைந்து பார்த்து, பிறகு காகிதத்தில் இறக்கினாள். ஃபஹ்மிதா காத்திருந்தாள்.

"அடுத்த தடவை உங்களைக் கூப்புட மாட்டாங்களே டீச்சரம்மா," என்றாள் தமிழ்மொழி. சந்தில் பேசியது உள்ளே கேட்டிருக்கிறது.

"வேற யாராவது வருவாங்க. தூரம்னா என்னன்னு தெரிஞ்சவங்களா வரட்டும்."

கிளம்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குஞ்சம்மாள் கவனித்தாள்.

"என்ன தாயி, ஒடம்புக்கு முடியலையா?"

ஃபஹ்மிதா ஒரு நொடி தயங்கினாள். "நானும் இன்னைக்கு தூரந்தான்க்கா."

குஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்தாள். அவளைத் திரும்ப உட்காரவைத்தாள். தமிழ்மொழி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பிறகு உத்திரத்தில் தொங்கிய கொத்திலிருந்து நான்கு வெங்காயத்தைப் பிய்த்து, "மண்ணுல நட்டு வைங்க, மொளைக்கும்," என்று அவள் கையில் வைத்தாள். பஸ் வரும் வரை மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். காலி மினி பஸ் ஹாரன் அடித்தது. டிரைவருக்கு ஒரு ஆள் கிடைத்தது.

*

வியாழக்கிழமை ஆறு பேர் வந்தார்களாம். தலைவியே ஒவ்வொருவருக்கும் போன் செய்தார் என்று பின்னால் தெரிந்தது.

அறிக்கை அடுத்த வாரம் தாக்கலானது. வேல்முருகன் அதை ஃபஹ்மிதாவின் போனுக்கு அனுப்பி, நூற்றுச் சொச்சம் பக்கத்தில் எந்தப் பக்கம் என்றும் சொன்னார். இந்தப் பிழைக்கு அவரிடமும் மேலதிகாரி ஒருவர் விளக்கம் கேட்டிருந்தார். அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஃபஹ்மிதாவின் பெயர் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் சேரவில்லை. அதையும் சொல்லவில்லை.

மினி பஸ்ஸுக்குப் பாராட்டு ஒரு பத்தி. எடுக்க மறந்திருக்க வேண்டும், அல்லது பஸ் ஓடுவதால் விட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே நான்கு வரி. வேலையிடங்களின் வாசலில் பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது அவர்களின் கண்ணியத்துக்கு எதிரானது, நிறுத்தப்பட வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. தூரம் என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டிருந்தார்கள். அடிக்குறிப்பாக ஒரு வரி: சாட்சி ஒப்படைத்த வெங்காயம் இந்த அறிக்கை கையெழுத்தாகும் நாள்வரை கெடவில்லை.

பரிந்துரைதான். அரசாங்கம் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். பதில் சொல்ல மூன்று மாதம் இருக்கிறது. பதில் வரும்போது கேட்பதற்கு இந்தக் குழு இருக்காது. ஃபஹ்மிதா இதை எல்லாம் போனில் குஞ்சம்மாளிடம் மறைக்காமல் சொன்னாள். குஞ்சம்மாள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பச் சொன்னாள். அரும்பாவூர் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, தூரம் என்று இருக்கிற இடத்தில் மருமகளை விட்டு சிவப்புக் கோடு போட வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் ஆரம்பிக்கும் முன், அவளே கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா, காலையில கேட்டுல போயி மொத ஆளா நின்னேன். பேப்பரை சாமிதுரைகிட்ட குடுத்தேன். இங்கிலீசுல இருக்குன்னாரு. கோடு போட்டிருக்கிறது என்ன எழுத்துன்னு படிச்சுப் பாருன்னேன். எழுத்துக்கூட்டிப் படிச்சாரு."

"படிச்சுட்டு?"

"மூஞ்சி செத்துப்போச்சு. பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. அதுக்குள்ள பொண்ணுங்க வந்துட்டாங்க. எம் மருமகதான் மொதல்ல. அவளைப் பாத்து வாயத் தொறந்தாரு. தூ—ன்னு ஆரம்பிச்சிட்டாரு. லோடு ஆளுங்க எல்லாம் பாக்குறாங்க. என்னையும் ஒரு பார்வை பாத்தாரு."

ஃபஹ்மிதா வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்புறம் 'சாப்ட்டியா'ன்னு கேட்டாரு. வாயத் தொறந்ததுக்கு எதையாவது கேக்கணும்ல. அடுத்தவளையும் அதையேதான் கேட்டாரு. நாப்பது பேரையும் வரிசையா நிக்க வெச்சு சாப்ட்டியா சாப்ட்டியான்னு கேட்டு உள்ள விட்டாரு."

"தமிழ்மொழி என்ன சொன்னாங்க?"

"'ஆச்சு'ன்னா," என்றாள் குஞ்சம்மாள். "சாப்புடவே இல்ல அவ. இன்னைக்கு ரெண்டாம் நாளு, வவுத்து வலி. ஆச்சுன்னு சொல்லிட்டு நேரா விதை வெங்காயம் அடுக்கி வெக்கிற பட்டறைக்குப் போனா. விதைக் கொத்து கட்டுறா இப்ப. நாளைக்கு என்ன கேப்பாரோ தெரியல. கேட்டா திரும்ப உங்களுக்கு போன் பண்றேன்."

மணி அடித்தது. ஃபஹ்மிதா உள்ளே போய்க் கரும்பலகையில் தேதியை எழுதினாள். அவள் வீட்டுப் பின்பக்கம், மண் தொட்டியில், நட்ட நான்கு வெங்காயத்தில் மூன்று முளைத்திருந்தன.